மருந்துக் கொள்கைத் துறைக்குப் போக எம்பிஎச் படிப்பதா, சமூக மருந்தியல் படிப்பதா?

ஜெலுத்தோங் மருந்தாளர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பினாங்கில் ஒரு தனியார் மருந்தகத்தில் பதிவு பெற்ற மருந்தாளராகப் பணிபுரிகிறேன். பட்டம் பெற்றதும் ஓராண்டுப் பயிற்சியை அரசாங்க மருத்துவமனையில் முடித்து, ஒப்பந்த அடிப்படையில் சில காலம் அங்கேயே இருந்தேன். நிரந்தரப் பணி கிடைக்காததால் தனியார் துறைக்கு வந்துவிட்டேன்.

2025 மே 1 முதல் தனியார் மருந்தகங்களும் கிளினிக்குகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற உத்தரவு வந்த பிறகு, என் முகப்பில் நடக்கும் பேச்சே மாறிவிட்டது. இரத்த அழுத்தத்துக்கு வாடிக்கையாக மருந்து வாங்கும் அம்மா ஒருவர், அம்லோடிப்பின் பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்கிறார். பிறகு கிளினிக்கில் எடுத்த இன்னொரு படத்தைக் காட்டி, அங்கே ஒரு மாத்திரை என்ன விலை, இங்கே என்ன விலை என்று என்னையே கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்கிறார். சொல்லிவிடுகிறேன். ஆனால், "இந்த விலையை யார்தான் முடிவு செய்கிறார்கள்?" என்று அவர் அடுத்துக் கேட்கும்போது என்னால் முழுமையாகப் பதில் சொல்ல முடிவதில்லை. மருந்தியல் பட்டப்படிப்பில் மருந்து உடலுக்குள் போன பிறகு நடப்பதைத்தான் விரிவாகக் கற்றோம். அது மருத்துவமனைக்கு வந்து சேரும் வரை நடப்பதைக் கற்கவில்லை.

ஆகவே மருந்துக் கொள்கை, கொள்முதல், விலை மதிப்பீடு ஆகிய துறைகளில் வேலை செய்யும் நோக்கத்துடன் மேற்படிப்புக்குப் போக எண்ணுகிறேன். பொதுச் சுகாதார முதுகலையான எம்பிஎச் நல்லதா, இங்கே பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யுஎஸ்எம்மில் இருப்பது போன்ற, மருந்தின் விலை, கொள்கை, பயன்பாடு ஆகியவற்றை ஆராயும் சமூக, நிர்வாக மருந்தியல் துறையில் ஆராய்ச்சி முதுகலை நல்லதா? மருத்துவர் அல்லாதவர் எம்பிஎச் படித்தால் அதற்கு இங்கே மதிப்பு உண்டா? வெளிநாட்டுக்குப் போவது அவசியமா? இத்துறையில் இருப்பவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பங்சார்வாசி பதில்:

வணக்கம் சகோதரி. நான் மருந்தாளராக இருந்து எம்பிஎச் முடித்தவன். இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் கொள்கை சார்ந்த ஒரு பணியில் இருக்கிறேன். எந்தப் பட்டம் என்பதற்கு முன், எந்த மேசையில் உட்கார ஆசைப்படுகிறீர்கள் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். மருந்துக் கொள்கை என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் வேலை இந்நாட்டில் பல மேசைகளில் சிதறிக் கிடக்கிறது. ஒரு மேசைக்கு உதவும் படிப்பு அடுத்த மேசைக்கு அவ்வளவாக உதவாது.

முதலாவது பதிவு மேசை. பெட்டாலிங் ஜெயாவில் 1978-இல் தொடங்கப்பட்டு இப்போது என்பிஆர்ஏ என்று அழைக்கப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பும், 1984-ஆம் ஆண்டு விதிமுறைகளின்கீழ் இயங்கும் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமும் ஒரு மருந்தின் தரம், பாதுகாப்பு, பயன்திறன் ஆகிய மூன்றையும் பார்க்கின்றன. விலை அவர்களுடைய கேள்வி இல்லை. அடுத்து, சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியல். மருத்துவமனையில் இருந்தபோது நீங்கள் தினமும் புரட்டிய அதே நீலப் புத்தகம்தான். 1983 முதல் இருந்துவரும் அந்தப் பட்டியலில் ஒரு புதிய மருந்தைச் சேர்க்க வேண்டுமானால், பலனோடு செலவையும் காட்டும் கோப்பு ஒன்றைத் தர வேண்டும். அதற்கப்பால் கொள்முதல், மத்திய டெண்டர், விநியோகம் என்று தனி உலகம் இருக்கிறது. 1995-இல் அமைச்சுக்குள் தொடங்கப்பட்ட மாதாஸ் பிரிவு சுகாதாரத் தொழில்நுட்பங்களை மதிப்பிடுகிறது. மருந்துச் சேவைத் திட்டத்துக்குள் கொள்கைக்கும் வியூகத் திட்டமிடலுக்கும் என்றே ஒரு பிரிவு உண்டு; 2006-இல் அமைச்சரவை ஏற்ற தேசிய மருந்துக் கொள்கையின் நடைமுறை வேலைகள் அந்த வட்டாரத்தில்தான் நடக்கின்றன.

உங்கள் முகப்புக்கு வரும் அம்மாவின் கேள்விக்கு நேரான பதில், தனியார் துறையில் மருந்து விலையை எந்த மேசையும் நிர்ணயிப்பதில்லை என்பதுதான். 2025 உத்தரவு விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்தது. விலையைக் காட்டச் சொல்கிறதே தவிர, இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று வரம்பு வைக்கவில்லை. வெளிநாட்டு விலைகளோடு ஒப்பிட்டு உச்சவரம்பு வைக்கும் திட்டம் 2019-இல் பேசப்பட்டது, நடைமுறைக்கு வரவில்லை. இதை அவரிடம் தயங்காமல் சொல்லலாம்.

இனி எம்பிஎச் பற்றி. நோய்ப்பரவலியல், உயிர்ப்புள்ளியியல், சுகாதார நிர்வாகமும் நிதியும், சுற்றுச்சூழல் சுகாதாரம், நடத்தை அறிவியல் ஆகியவையே அதன் அடிப்படைப் பாடங்கள். மருந்து என்ற பொருள் அதில் சில விரிவுரைகளில் வந்து போகும், அவ்வளவுதான். நான் படித்தபோது அதுவே எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. ஆனால் பட்டியல் குழுவுக்குப் போகும் ஒரு கோப்பைப் படிக்க உட்கார்ந்தால், மருந்தியல் அறிவைவிட அந்த முதல் மூன்று பாடங்கள்தான் கைகொடுக்கின்றன.

கற்பனைக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு புதிய மருந்து, பழையதைவிட ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 1,200 ரிங்கிட் கூடுதலாகச் செலவு வைக்கிறது. அதனால் கிடைக்கும் கூடுதல் நன்மை, தரம் சரிக்கட்டிய வாழ்வாண்டில் (முழு நலத்துடன் வாழும் ஓராண்டை 1 என்று கொள்ளும் அளவு) 0.05 என்று கோப்பு சொல்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு வாழ்வாண்டுக்கு 24,000 ரிங்கிட். பார்வைக்கு நியாயமான எண். ஆனால் அந்த மருந்து தேவைப்படுவோர் 50,000 பேர் என்றால் வரவுசெலவில் ஆண்டுக்கு 6 கோடி ரிங்கிட் புதிதாகத் தேடியாக வேண்டும். முதல் கணக்கில் தேறிய மருந்து இரண்டாவது கணக்கில் தடுமாறி நிற்கும். அதோடு அந்த 0.05 எங்கிருந்து வந்தது, வேறொரு நாட்டு நோயாளிகளிடம் கேட்ட கேள்விப்பட்டியலிலிருந்தா, ஒப்பீட்டுக்கு எடுத்த பழைய மருந்து நம் மருத்துவமனைகளில் உண்மையிலேயே பயன்படுவதா, சோதனை நடந்த காலத்துக்கு அப்பால் பலனை நீட்டிக் கணக்கிட்டிருக்கிறார்களா என்றெல்லாம் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். மலேசியாவின் மருந்துப் பொருளாதார வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு 2019-இல் வெளிவந்தது. அதை எடுத்து வாசித்துப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் உங்களுக்கு மூச்சு முட்டுகிறதோ, அதுதான் நீங்கள் படிக்க வேண்டிய பாடம்.

மருத்துவர் அல்லாதவருக்கு மதிப்பு உண்டா என்று கேட்டீர்கள். பொதுச் சுகாதார நிபுணர் என்ற தகுதிக்குப் போகும் பாதை மருத்துவர்களுக்கானது. எம்பிஎச் முடித்து, அதன் மேல் முனைவர் நிலைப் பயிற்சியையும் முடித்து அவர்கள் அங்கே போகிறார்கள். அந்தப் பதவியை மனத்தில் வைத்து நீங்கள் சேர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும். மருந்தாளராக இருந்துகொண்டே மதிப்பீட்டு வேலைக்கு நகர எம்பிஎச் போதும். மலாயாப் பல்கலைக்கழகம், யுகேஎம், யுபிஎம், கூபாங் கெரியானில் உள்ள யுஎஸ்எம் சுகாதார வளாகம் ஆகியவை இப்படிப்பை நடத்துகின்றன. சேர்க்கை நிபந்தனைகள் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒழுங்குமுறை மேசைதான் உங்கள் விருப்பம் என்றால் எம்பிஎச்சில் பணத்தைப் போடாதீர்கள்; ஒரு மருந்து நிறுவனத்தின் பதிவுப் பிரிவில் பெறும் அனுபவம் அங்கே அதிகம் பேசும்.

தஞ்சோங் பெரியவர் பதில்:

மகளே, வணக்கம். பங்சார்வாசி சொன்ன கணக்கு முழுவதும் சரி. ஆனால் அந்தக் கணக்கில் 1,200 என்ற விலை வானத்திலிருந்து விழுந்ததுபோல் நிற்கிறது. அந்த விலையையே மாற்ற முடியும் என்பதை இந்நாடு செய்து காட்டியிருக்கிறது. அதற்கான படிப்பை உங்கள் இரண்டு பட்டங்களிலும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2003-இல் எச்ஐவி மருந்துகளுக்காக மலேசியா காப்புரிமையை, உரிமையாளரின் சம்மதம் தேவைப்படாத அரசாங்கப் பயன்பாட்டு உரிமத்தால் தாண்டி, இந்தியாவின் சிப்லா நிறுவனத்திடமிருந்து ஜெனெரிக் மருந்துகளை, அதாவது அசலின் அதே மூலப்பொருளை வைத்து வேறு நிறுவனம் தயாரிப்பவற்றை, இறக்குமதி செய்ய வழிசெய்தது. 2017 செப்டம்பரில் கல்லீரல் அழற்சி சி நோய்க்கான சோஃபோஸ்புவிருக்கும் அதே வழி. அமெரிக்காவில் அந்த மருந்து அறிமுகமானபோது 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் விலை வைத்தார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இதன் இன்னொரு பாதியை இங்கே பலர் மறந்துவிடுகிறார்கள். சோஃபோஸ்புவிரோடு சேர்த்துக் கொடுக்க ரவிடாஸ்விர் என்ற மருந்தை டிஎன்டிஐ என்ற இலாப நோக்கற்ற அமைப்பும் எகிப்தின் ஃபார்கோ நிறுவனமும் முன்னெடுத்தன. முழுச் சிகிச்சைக்கும் 300 டாலருக்கு மேல் போகக்கூடாது என்ற இலக்கு ஆரம்பத்திலேயே வைக்கப்பட்டது. மருத்துவச் சோதனை மலேசியாவிலும் தாய்லாந்திலும் நடந்தது. 2021 ஜூனில் என்பிஆர்ஏ அதற்கு நிபந்தனையுடன் பதிவு வழங்கியது. காப்புரிமைச் சட்டம், மருத்துவச் சோதனை, பதிவு, கொள்முதல் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் கைகோத்தால்தான் அப்படி ஒரு காரியம் நடக்கும். அந்த அரசாங்கப் பயன்பாட்டுக்கு வழிவிடும், 1983-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவை வாசித்துப் புரிந்துகொண்ட மருந்தாளர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான். அறிவுசார் சொத்துரிமை பற்றிய 1995-இன் ட்ரிப்ஸ் ஒப்பந்தம், அதைப் பொதுச் சுகாதாரத்தோடு சேர்த்து விளக்கிய 2001-இன் தோஹா அறிவிப்பு, ஒரு நிறுவனம் தந்த சோதனைத் தரவைச் சில காலம் பிறர் பயன்படுத்தாமல் காக்கும், 2011 முதல் இங்கே நடைமுறையிலுள்ள மருந்துத் தரவுப் பாதுகாப்பு ஆகியவற்றையும் அதோடு சேர்த்து வாசியுங்கள்.

நீங்கள் இருக்கும் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மருந்துக்கான மக்கள் உரிமை என்ற பேச்சு உலக அரங்குக்குப் போன வழியில் பினாங்குக்குத் தனி இடம் உண்டு. பயனீட்டாளர் சங்கங்களின் அனைத்துலக அமைப்பின் ஆசிய பசிபிக் அலுவலகம் இங்கே இருந்தது. 1981-இல் எச்ஏஐ என்ற மருந்து நடவடிக்கை வலையமைப்பு உருவானதில் அந்தப் பயனீட்டாளர் அமைப்பின் தலைவராக இருந்த அன்வர் ஃபசாலின் பங்கு பெரியது. வளரும் நாடுகளின் உரிமைகளுக்காக ஆய்வும் வாதாடலும் செய்யும் மூன்றாம் உலக வலையமைப்பின் தலைமையகம் இன்றும் இத்தீவில்தான் இருக்கிறது. பேருந்து ஏறிப் போகும் தூரத்தில் இத்தனை அனுபவம் இருக்கும்போது, சட்டப் பக்கத்தைக் கற்க வெளிநாட்டு விமானம் ஏற வேண்டிய அவசியம் எனக்குப் புரியவில்லை.

கொள்முதலில் ஆர்வம் இருந்தால் தமிழ்நாட்டு மருத்துவப் பணிகள் கழகத்தையும் பாருங்கள். 1994-இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகம் மாநிலம் முழுவதற்கும் மருந்தை மையமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அதில் உள்ள தொகைக்குள் அவர்களுக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளச் செய்தது. வந்திறங்கும் மருந்தின் மாதிரியை, தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைத்துக் குறியீட்டெண்ணுடன் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். விலையைக் குறைப்பது எப்படி என்று பேசுவோர் பலர். குறைந்த விலைக்கு வாங்கிய மருந்தின் தரத்தை எப்படிக் காப்பது என்பதற்கு அங்கே பாடம் இருக்கிறது, அதுவும் நம் மொழி பேசும் மாநிலத்தில்.

கடைசியாக, எடுத்த எடுப்பிலேயே மருந்து நிறுவனத்தில் சேர்ந்துவிடாதீர்கள் என்பது என் தனிப்பட்ட கருத்து.

கோப்பு எழுதுபவள் பதில்:

பெரியவருக்கு மரியாதையுடன் ஒரு மாற்றுக் கருத்து. நான் கோலாலம்பூரில் ஒரு மருந்து நிறுவனத்தின் மார்க்கெட் ஆக்சஸ் பிரிவில், அதாவது நிறுவனத்தின் மருந்து பட்டியல்களில் இடம்பெற வழிசெய்யும் பிரிவில் இருக்கிறேன். பங்சார்வாசி வாசிக்கும் கோப்புகளை எழுதும் பக்கம் இது. நிறுவனத்தில் சேர்ந்தால் மனசாட்சி போய்விடும் என்ற எண்ணம் இத்துறையில் பரவலாக இருக்கிறது. நலன் முரண்பாடு உண்மையான சிக்கல்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஒப்பீட்டு மருந்தைத் தேர்ந்தெடுப்பதால் முடிவு எப்படி வளைகிறது என்பதை, அதை வளைக்கச் சொல்லும் கூட்டத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் நன்றாகத் தெரியும். இங்கிருந்து அரசாங்க மேசைக்கும் ஆராய்ச்சிக்கும் போனவர்கள் மற்றவர்கள் தவறவிடும் இடத்தைப் பிடிக்கிறார்கள்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது நாங்கள் பட்டத்தின் பெயரை இரண்டாவதாகத்தான் பார்க்கிறோம். முதலில் கேட்பது, நீங்களே எக்செலிலோ, புள்ளியியலுக்கான ஆர் என்ற மென்பொருளிலோ கட்டிய செலவுக் கணக்கீட்டு மாதிரி (மாடல்) ஒன்றைக் காட்ட முடியுமா என்பது. எண்களை மாற்றினால் முடிவு எவ்வளவு ஆடுகிறது என்பதையும் அதில் காட்டத் தெரிந்தால் பாதி நேர்காணல் முடிந்துவிடும். இந்தக் கோணத்தில் பார்த்தால் எம்பிஎச்சைவிட, மருந்துப் பொருளாதாரத்தில் ஆய்வேடு எழுத வைக்கும் சமூக, நிர்வாக மருந்தியல் முதுகலை கூடுதலாக உதவும் என்பது என் கணிப்பு. யுஎஸ்எம் மருந்தியல் பள்ளி 1972-இல் தொடங்கப்பட்டது, நாட்டிலேயே முதலாவது. சமூக, நிர்வாக மருந்தியல் அங்கே நீண்ட காலமாகத் தனித் துறையாக இருக்கிறது. நீங்கள் வீட்டை விட்டு வெளியேறவும் வேண்டியதில்லை.

வெளிநாடு போவதானால் வெறும் புகழுக்காகப் போகாதீர்கள். மருந்துக் கொள்கைக்கு என்றே ஆய்வுக்குழு உள்ள இடத்துக்குப் போங்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மருந்துக் கொள்கைக்கும் ஒழுங்குமுறைக்குமான உலகச் சுகாதார நிறுவனத்தின் கூட்டுறவு மையம் இருக்கிறது. பக்கத்திலேயே பேங்காக்கில் சூலாலோங்கோர்ன் பல்கலைக்கழகம் சமூக, நிர்வாக மருந்தியலில் அனைத்துலக மாணவர்களுக்கான மேற்படிப்பை நடத்துகிறது. 2007-இல் தொடங்கிய, தாய்லாந்தின் சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பான ஹைடாப்பின் மதிப்பீடுகள் அந்நாட்டின் மருந்துப் பட்டியல் முடிவுகளுக்கு நேரடியாகப் பயன்படுவதால், மதிப்பீடு என்பது உயிரோடு நடப்பதை அங்கே பார்க்கலாம். நம்மைப் போன்ற நடுத்தர வருமான நாட்டில் கற்பது இலண்டனில் கற்பதைவிடப் பொருத்தமாக இருக்கும்.

ஜெலுத்தோங் மருந்தாளர்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஐயா, 84-ஆம் பிரிவை நேற்றிரவே வாசித்தேன். இரண்டாம் முறை வாசித்த பிறகுதான் விளங்கத் தொடங்கியது. எனக்கு மதிப்பீட்டு மேசையே பிடித்திருக்கிறது என்று இப்போது தெளிவாகிறது. மீதமிருப்பவை இரண்டு கவலைகள். புள்ளியியலில் பட்டப்படிப்போடு தொடர்பு விட்டுப் போயிற்று. வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிக்கும் வசதியும் இல்லை.

பங்சார்வாசி பதில்:

அப்படியானால் கோப்பு எழுதுபவள் சொன்னதையே நானும் வழிமொழிகிறேன்: உங்கள் நிலையில் யுஎஸ்எம்மில் பகுதிநேர ஆராய்ச்சி முதுகலையை முதலில் விசாரியுங்கள். ஆராய்ச்சி வழியில் எம்பிஎச்சின் வகுப்புப் பாடங்கள் கிடைக்கா என்பதால், நோய்ப்பரவலியலையும் புள்ளியியலையும் தனியாகக் கற்றாக வேண்டும். ஆர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் மருந்தகத்தின் விற்பனைப் பதிவிலிருந்து வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிவிட்டு, உரிமையாளரின் அனுமதியோடு, எந்த இரத்த அழுத்த மருந்து எந்த மாதத்தில் எவ்வளவு போகிறது என்று வரைந்து பழகத் தொடங்கலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, ஹாடியா லத்திஹான் பெர்செகுத்துவான் உதவித்தொகை அரசாங்கப் பணியாளர்களுக்கானது என்பதால் உங்களுக்கு இப்போது பொருந்தாது. ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து சொந்தப் படிப்புக்குப் பணம் எடுக்கலாம். ஓய்வுக்காலச் சேமிப்பு என்பதால் முழுக் கட்டணத்துக்கும் அதையே நம்புவதை நான் ஆதரிக்கமாட்டேன்; பகுதிநேரமாகப் படித்தால் சம்பளத்திலிருந்து பெரும்பகுதியைச் சமாளிக்கலாம்.

ஆய்வுத் தலைப்பு உங்கள் கையிலேயே இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனமும் எச்ஏஐயும் சேர்ந்து உருவாக்கிய மருந்து விலை ஆய்வு முறையைக் கொண்டு யுஎஸ்எம் ஆய்வாளர்கள் 2004 வாக்கில் மலேசியாவில் எடுத்த கணக்கு, 2007-இல் வெளியானது. சில்லறை விற்பனையில் விலைமேல் ஏற்றப்படும் விகிதம், அசல் வணிகப் பெயர் மருந்துகளைவிட ஜெனெரிக் மருந்துகளில்தான் அதிகம் என்று அது காட்டியது. அன்று விலையைச் சேகரிக்க ஒவ்வொரு கடையிலும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தது. இன்று சட்டப்படியே விலை கண்ணுக்குத் தெரிகிறது. தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள மருந்தகங்களிலும் கிளினிக்குகளிலும் சில நாட்பட்ட நோய் மருந்துகளின் ஒரு மாத்திரை விலையை ஒப்பிட்டு, காட்சிக்கு வைத்த பிறகு விலை வேறுபாடு குறைகிறதா என்று காலம் விட்டுக் காலம் பார்த்தால், அது கொள்கை மேசையில் உள்ள எவரும் வாசிக்க விரும்பும் ஆய்வாக இருக்கும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: உத்தரவு வருவதற்கு முந்தைய விலைகள் உங்களிடம் இல்லாததால், "உத்தரவால் விலை குறைந்தது" என்று எழுத முடியாது, அதை உங்கள் முன்மொழிவிலேயே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் முன் அத்துறையின் விரிவுரையாளர் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். தன்விவரம் ஒரு பத்தி போதும். கேள்வி என்ன, எந்த மருந்துகள், எத்தனை கடைகள், எந்தக் கால இடைவெளி என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதி இணையுங்கள். அடுத்த பருவத்துக்கு மாணவர் எடுக்கிறாரா, பகுதிநேர மாணவரை ஏற்பாரா என்ற இரண்டையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.